ஒன்பதாவது செடிக்குத் தாகம்

— கண்ணாடியக் கழட்டாதீங்கண்ணே! லேசர் கண்ணுல பட்டா வம்பு.

— எல்லாமே ஆரஞ்சாத் தெரியுது மேடம். ஆமா, லேசர் எங்க? ஒண்ணையும் காணோமே.

— நீல ஒளி. அதை மறைக்கத்தான் இந்தக் கண்ணாடியே.

— நல்லாருக்கு! வேடிக்கை பாருன்னு கூப்பிட்டு, கண்ணையும் மறைச்சுட்டு...

— சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது. லேசர மறந்துடுங்க. இலையப் பாருங்க.

— அட! தக்காளி இலை சிவப்பா மினுங்குது!

— அது இலையோட சொந்த வெளிச்சம். வாங்குற ஒளியில துளியூண்டு இப்படித் திருப்பி விட்டுடும்.

— பதினஞ்சு வருஷமா இந்தப் பசுமைக் கூடத்துல செடிக்குத் தண்ணி விடுறேன்... பச்சை இலைக்குள்ள சிவப்பு விளக்கா?

— வெயில்லயும் எரியும், நமக்குத்தான் தெரியாது. அந்தச் சிவப்ப இந்தப் பெட்டி பிரிச்சுக் கோடு போடும். இங்க, திரையில ரெண்டு மேடு இருக்குல்ல?

— ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை.

— தண்ணி குறைஞ்சா இந்த உயரக் கணக்கு மாறிடும். செடி வாடுறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே.

— வாயில்லாத ஜீவனோட வாயைப் பிடுங்குற மெஷினுன்னு சொல்லுங்க.

— சரியாப் பிடுங்குதான்னுதான் குழப்பமே. சோதனைக்காகத் தண்ணி விடாமப் பட்டினி போட்ட வரிசையில தாகம்னு காட்டுது, நியாயம். நீங்க தினம் தண்ணி விடுற வரிசையில, ஒன்பதாவது செடியிலேர்ந்து கடைசி வரைக்கும்... அங்கயும் தாகம்னு காட்டுது.

— அதெப்படி? பச்சைப் பசேல்னு நிக்குதே!

— மூணு தடவ எடுத்துட்டேன்ணே.

— மெஷின்ல ஏதாவது கோளாறா...

— இருக்கலாம். அப்படின்னா நாளைக்கு நம்ம ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வந்து பார்த்துட்டு மூட்டை கட்டச் சொல்லிடுவார். மூணு வருஷ வேலை.

— ...மூணு வருஷமா?

— ம். குழாய் தினம் திறக்கிறீங்கல்ல?

— காலையில ஆறு மணிக்கு. ஒரு நாள் தவறினதில்ல, சத்தியமா!

— ஐயோ, உங்களச் சந்தேகப்படல. தொட்டிய மூடியிருக்கிற பிளாஸ்டிக்க விலக்கி, மண்ணுல விரல விட்டுப் பாருங்களேன். ஒன்பதாவதுல.

— இருங்க... மேல காஞ்சிருக்கு. உள்ள... உள்ளயும் மாவு மாதிரி உதிருது மேடம்.

— அப்போ மெஷின் சொன்னது நிஜம்! அண்ணே, நிஜம்!

— செடி காயுது, நீங்க குதிக்கிறீங்க.

— பின்ன? செடியே இன்னும் காட்டிக்காத தாகம்ணே! அது சரி, தண்ணி எங்க நின்னுச்சு?

— இதோ... எட்டாவதைத் தாண்டினதும் குழாய்ல உப்பு படிஞ்சு அடைச்சுக் கிடக்கு. ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

— அடைச்சா உடனே கண்டுபிடிச்சிடுவீங்களே. போன வருஷம்கூட, நடந்து போறப்பவே நின்னு சொன்னீங்க.

— அடைச்ச இடத்துல குழாய் சீறும்... உஸ்ஸுன்னு. அதை வச்சுத்தான்.

— இந்தத் தடவ சீறலையா?

— சீறியிருக்கும். எனக்குத்தான்... பம்பு மோட்டார் ரூமுல வருஷக்கணக்கா நின்ன காது மேடம். வலது இந்த வருஷம் சுத்தமாப் போச்சு. இடதும் பாதிதான். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு, உதட்டப் பார்த்தே ஒப்பேத்திட்டிருக்கேன். மெஷின் கோளாறுன்னு சொன்னதும் அதுக்குத்தான். மூணு வருஷம்னீங்களா... அதுக்கப்புறம் மனசு கேக்கல. நாளைக்கு இயக்குநர்கிட்ட நானே சொல்லிடுறேன்.

— குழாய் அடைச்சுது, மெஷின் கண்டுபிடிச்சுது. நடந்தது அதுதான், எழுதப்போறதும் அதுதான். கடைசித் தொட்டியில தண்ணி அளவு காட்டுற மீட்டர் ஒண்ணு மாட்டச் சொல்றேன். அப்புறம்... காது விஷயம் எனக்கு ஆறு மாசமாவே தெரியும்ணே. இந்த ஆறு மாசத்துல உங்களப் பின்னாலேர்ந்து ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கேனா?