டிராமில் தட்டிக் காட்டிய துடிப்பு

கல்மண்டபம் நிறுத்தத்தில் டிராம் ஏறிய கர்ப்பிணி, கூட வந்த பெண்ணிடம், "யக்கா, எனக்குள்ள ரெண்டு நெஞ்சு அடிச்சிகினு கீது" என்றாள். முன் இருக்கையில் இருந்த நான் பத்திரிகையை மடித்தேன்.

"இன்னாடி உளர்ற?"

"நெஜமா க்கா. நேத்துலேர்ந்து புள்ள அசையவே இல்ல. மின்ன ரெண்டும் இப்டித்தான போச்சு? அழுதுகினே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா குழாய வயித்துல வெச்சி கேட்டாங்க. அப்பால சிரிச்சிகினே அத என் காதுல மாட்டி, 'நீயே கேளு'ன்னாங்க. மொதல்ல ஒண்ணும் கேக்கல. மூச்ச அடக்கிகினேன். கேட்டுச்சு க்கா!"

"உன் நெஞ்சு அடிச்சிகினதா இருக்கும்டி."

"நானும் அதத்தான் சொன்னேன். என் நாடிய புடிச்சிக் காட்டுனாங்க. என்து ஒருதபா அடிக்கறதுக்குள்ள அது ரெண்டுதபா அடிக்குது."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "எப்டி அடிச்சுது, காட்டு" என்றாள்.

கர்ப்பிணி மர இருக்கையில் இரு விரல்களால் விடாமல் தட்டினாள். எதிரே கூடையோடு இருந்த மீன்காரியும் வாய் திறந்து அந்த விரல்களையே பார்த்தாள்.

"அடியம்மா, இம்மா வேகமா?"

"ஆமா க்கா. என்னாண்ட வர்றதுக்கு ஓடியாந்துகினு கீது."