வெந்நீர் இல்லை, கவனிக்கவும்

...அதத்தான் நானும் கேக்குறேன். வெயிலு ஓசி. தண்ணி சூடாக்குற இந்தச் சோலார் பேனலத் தெனமும் நானே தொடச்சு வைக்கிறேன், மொகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம். நடுவுல இந்தச் சொம்பு அளவு பம்பு ஒண்ணு செத்துப்போச்சுன்னா, மொத்த வீடும் பச்சத்தண்ணியில நடுங்கணுமா? இந்தா, அந்த ஸ்பேனர இப்படிக் குடு, நான் பிடிச்சுக்கிறேன். நீ பாட்டுக்கு வேலையப் பாருப்பா. நான் பேச மாட்டேன். பேசுற பழக்கமே எனக்குக் கெடையாது.

உனக்கு முன்னாடி இந்த மொட்டமாடிக்கு ஒரு மெக்கானிக் வந்தான். பையி என்ன, தொப்பி என்ன... வந்தவன் பம்புல காத வச்சான். டாக்டர் நெஞ்சுல வைப்பாரே, அந்த மாதிரி. கண்ண வேற மூடிக்கிட்டான். ரொம்ப நேரங்கழிச்சு, "சத்தம் வரலையே சார்"னான். ஓடலன்னுதானய்யா உன்னக் கூப்பிட்டேன்? ஓடாத பம்பு பாட்டா பாடும்? "கம்பெனிக்குப் போன் போடுங்க"ன்னுட்டு எறங்கிப் போயிட்டான். கம்பெனிக்காரன் அவனுக்கு மேல. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"ங்குறான். முக்கியம் முக்கியம்னு கேட்டே என் காது சுட்டுப்போச்சு. அந்தச் சூட்டுல ஒரு வாளி வெந்நீர் வச்சிருக்கலாம்.

பாத்து, அந்தப் பைப்புல கைய வைக்காத. பேனல்ல இருக்கற தண்ணி கொதிக்குது. டேங்க்ல இருக்கறது ஐஸு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு கலக்கல. எங்க வீட்டு லட்சணம் இதுக்கும் தொத்திக்கிச்சு.

என்ன? ஒரே வீடுதாம்ப்பா. கீழ நான், மாடியில என் தம்பி. சின்னவன்னுதான் கூப்பிடுவோம். ஒரே வீடுன்னு சொல்லிக்கலாம், அவ்வளவுதான். மொத அடுப்பு தனியாப் போச்சு. அப்புறம் கரண்டு மீட்டரு. அப்புறம், என் வாசல் வழியா ஏறி எறங்கினா வாசல் தேஞ்சு போயிரும்னு, வெளிப்பக்கமா இரும்புப் படி ஒண்ணு போட்டுக்கிட்டான். சண்டையா? சண்ட போட்டாலாவது பேசுன மாதிரி இருக்குமே. இது மரியாத. அவன் காட்டுற மரியாதையப் பாத்தா, எங்கயோ கல்யாணத்துல பாத்த ஆளுன்னு என்ன நெனச்சிட்டானோன்னு தோணும். பொதுவா மிச்சம் இருக்கறது இந்த டேங்கு ஒண்ணுதான்.

அதுக்கும் நாள் குறிச்சாச்சு. வரும்போது பாத்திருப்பியே, இரும்புப் படிக்குக் கீழ ஒரு அட்டப்பெட்டி? கரண்டு ஹீட்டரு. வாங்கியே வச்சிட்டான். நாளைக்குக் காலையில எலக்ட்ரீஷியன் வந்து மாட்டுறானாம். மாட்டிட்டான்னா அப்புறம் அவன் யாரோ, நான் யாரோ. அதுக்குத்தான் இன்னிக்கே வேணும்னு உன்னக் கடையிலேர்ந்து இழுத்துட்டு வந்தேன்.

வெந்நீர் வரலன்னு எப்படிச் சொன்னான்னு கேக்குறியா? போன்ல மெசேஜு. இந்தா பாரு... வேணாம், கண்ணாடி இல்லாமலே எனக்கு மனப்பாடம். "வெந்நீர் இல்லை. கவனிக்கவும்." கவனிக்கவுமாம்! நான் என்ன தண்ணி ஆபீஸா? மாடியில நின்னு கொரல் குடுத்தா எனக்குக் கேக்காதா? சின்ன வயசுல நான் குளிப்பாட்டி விட்ட பய. கண்ணுல சோப்பு போச்சுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரிக் கத்துனவன். இன்னிக்கு எனக்கு நோட்டீஸ் விடுறான். கீழ 'இப்படிக்கு'ன்னு கையெழுத்து இல்லாததுதான் கொற.

முன்னாடியெல்லாம் அப்படி இல்லப்பா. ஞாயித்துக்கிழமையில தோள்ல துண்டோட எறங்கி வந்து எங்க சமையக்கட்டு வாசல்ல நிப்பான். "அண்ணே, வெந்நீர் வரல." அவ்வளவுதான் பேச்சு. உடனே நான் ஸ்பேனர எடுப்பேன், அவன் பின்னாடியே வருவான். இந்தா, இந்தச் சொவத்து நெழல்லதான் உக்காருவோம். டேங்கு சூடாகற வரைக்கும் என்ன பண்றது? அவன் மேனேஜரத் திட்டுவான். நான் என் முட்டிவலியத் திட்டுவேன். சூடு ஏறினதும் எந்திரிச்சுப் போயிருவான்.

ம்? எதுக்கு அத்தன தடவ ரிப்பேர் ஆச்சுன்னா... மெஷின்தானே. ஆகும்.

என்னப்பா அங்க குனிஞ்சு பாக்குற? எந்த வால்வு? மூடியிருக்கா? அட... காத்துல மூடியிருக்கும். சரி, இறுக்கமான வால்வுதான், ஒத்துக்கிறேன். காக்கா ஏதாவது உக்காந்திருக்கும். எங்க பக்கத்துக் காக்கா கொஞ்சம் கனம். சிரிக்காத. மூடியிருந்தா இப்ப என்ன கெட்டுப்போச்சு? ...தண்ணி இல்லாம வெறுமனே சுத்திச் சுத்தி எரிஞ்சு போயிருமா? பம்பு செத்தது அதனாலயா?

புதுப் பம்பும் அப்படித்தானா? யாராவது மறுபடி மூடினா இதுவும் போயிருமா?

...

பம்பக் கீழ வை. சொல்றேன். எங்க வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது. சனிக்கிழம காலையில ஒரு திருகு. ஞாயித்துக்கிழம டேங்கு ஆறிப்போயிரும். அவன் வந்து நிப்பான். நான் மேல வந்து அங்க தட்டி, இங்க தட்டி, அவன் வேற பக்கம் பாக்குறப்ப தொறந்து விட்டுருவேன். யாருக்கு என்ன நஷ்டம்? நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. இந்தத் தடவ தொர எறங்கி வரல, நோட்டீஸ் அனுப்பிட்டாரு. எனக்கும் ரோஷம் வந்திருச்சு. வந்து கேட்டாத்தான் தொறக்குறதுன்னு இருந்துட்டேன். அவன் வாயத் தொறக்கல, நான் வால்வத் தொறக்கல. நல்ல வெயிலு வேற. நடுவுல இந்தப் பாவப்பட்ட பம்பு கருகிப்போச்சு.

கைப்பிடியக் கழட்டி எடுத்துட்டுப் போறேங்குறியா? எடுத்துட்டுப் போ. வேல முடிஞ்சதும் எடுத்துட்டுப் போ. என் கையில இருக்கக் கூடாது அது.

மாட்டியாச்சா? லைட்டு எரியுது. பரவால்ல, காது வைக்காமலே வேலைய முடிச்சிட்ட. இன்னும் என்ன? குழாய்க்குள்ள காத்து நிக்குதா? யாராவது குழாயத் தொறந்து விட்டு, தண்ணி வருதா, காத்து வருதான்னு சொல்லணுமா... எங்க வீட்டுக் குழாய்ல சொன்னா ஆகாதா? மாடிக் குழாய்தானா. அதெல்லாம் கரெக்டாத் தெரிஞ்சு வச்சிருக்க. நீயே கூப்பிடு, உன் வேலதானே. எனக்குத் தொண்ட சரியில்ல. இவ்வளவு நேரம் பேசுனது வேற தொண்ட. சரி... சரிப்பா, மொறைக்காத.

டேய் சின்னவனே... பாத்ரூம் குழாயத் தொறந்து விடுடா...

பாத்தியா, பதில் இல்ல. மெசேஜ் போடணும் போல. கவனிக்கவும்னு.

இரு. குழாய் சத்தம். ஏதோ சொல்றான்... கேட்டுச்சா? "வரல அண்ணே, காத்துதான் வருது"ங்குறான். அண்ணேன்னான்ல? உனக்கும் அப்படித்தானே விழுந்துச்சு?

ஏய், ஏய், என்ன அவசரம் உனக்கு? மெதுவாத் தொறப்பா அந்த வால்வ. இன்னொரு தடவ சொல்லட்டும்.