மணியோசை கேட்டு வந்த கொக்கு

இந்தப் பொங்கல் மாலைக்குத் தலைமை தாங்கி, நிகழ்ச்சிகளை நேரம் தவறாமல் நடத்திக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய நயினார் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையை நிறைத்து முகமலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே, பொங்கிய பாலை இறக்கிவைத்த கையோடு அவைக்கு வந்திருக்கும் அன்னையர்களே, செம்பூரின் இந்தச் சிறு வளாகத்தைச் சொந்த ஊராக ஆக்கிக்கொண்ட நண்பர்களே, தாராவியிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் விருந்தினர்களே, குளத்தின் சுவர்மேல் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் குழந்தைகளே, தயவுசெய்து கால்களை இந்தப் பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் அனைவரையும் இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன் என்னும் முறையில் இருகரம் குவித்து வணங்குகிறேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் எட்டு நிமிடம். கொடுக்கப்பட்ட தலைப்பு, "நம் குளத்து மீன்களைப் பறவைகளிடமிருந்து காப்பது எப்படி". காப்பது எப்படி என்பதை எட்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். காக்கத் தவறியது எப்படி என்பதைச் சொல்லச் சற்றுக் கூடுதலாகும். தலைவரின் அனுமதி வேண்டும். தலையசைக்கிறார். நன்றி.

அன்பர்களே, நம் குளம் கடலன்று. ஏரியுமன்று. பதினான்கடி நீளம், ஒன்பதடி அகலம், இரண்டேகால் அடி ஆழம். பழைய நீர்த்தொட்டி ஒன்றைத் துலக்கித் தூய்மை செய்து நாம் அமைத்தது. ஆனால் அலுவலகத்தில் அலைக்கழிந்து, ரயிலில் நசுங்கி, வாயிலுக்குள் கால் வைக்கும் மாலையில், அந்தச் சிறு நீரில் செம்பொன் மேனியும் மெல்லிய துடுப்புமாக ஒரு தங்கமீன் திரும்பிப் பார்க்கிறதே, அந்த ஒரு கணத்தில் நம் களைப்பெல்லாம் எங்கே போகிறது? மருத்துவர் தரமுடியாத அமைதியை ஒரு விரல் நீள மீன் தருகிறதா இல்லையா? தருகிறது என்று அன்னையர் பக்கமிருந்து குரல் வருகிறது. ஆம், தருகிறது.

அன்பு மிகுந்த இடத்தில் ஒழுங்கு குறையும் என்பார்கள். நம் குளத்திலும் அதுவே நேர்ந்தது. வந்தவர் போட்டார் இட்லி. போனவர் போட்டார் முறுக்கு. மீன்கள் வயிறு உப்பி மிதந்தன. சென்ற ஜூன் மாதம் நான் ஒரு விதி வகுத்தேன். காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் வெண்கல மணி அடிக்க வேண்டும். வடமூலையில் படி இருக்கும் இடத்தில், கணுக்காலளவு நீரில், ஒரு கைப்பிடித் தீவனம் இட வேண்டும். இட்டவர், மீன்கள் மிரளாதிருக்க, இருபதடி விலகிப் போய்விட வேண்டும். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த முதல்மாடி ருக்கு மாமி கேட்டார்: "என்ன ஸெக்ரட்டரி, மீனுக்கும் மஸ்டர் ரோல் போட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கறேளா?" இப்போதும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அந்தப் பணியை ஏற்றவர் பூமாரி. தாராவியிலிருந்து தினமும் வந்து நம் தோட்டத்தைப் பெருக்கிப் பராமரித்தவர். அவர் மணியடிப்பார். பதினோராம் நாளே மீன்கள் பழகிவிட்டன. மணியோசை கேட்டதும் குளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தீக்கொழுந்துகள் நீந்தி வருவதுபோல் வடமூலைக்கு வந்து வாய் திறக்கும். பார்த்தவர் வியந்தார்கள். நான் பெருமிதம் கொண்டேன். அந்தப் பெருமிதத்தைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறேன்.

ஆகஸ்ட் மாதம் மீன்கள் குறையத் தொடங்கின. ஒன்று. பிறகு இரண்டு. பிறகு வாரத்துக்கு மூன்று. சடலமில்லை, செதிலில்லை, சுவடில்லை. பூனை என்றார்கள். கரையெங்கும் மிளகுத்தூள் தூவினோம். பூனை தும்மவில்லை, நயினார் அண்ணாச்சிதான் மூன்று நாள் தும்மினார்.

அந்த நாட்களில் பூமாரி என்னிடம் வந்தார். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே சொல்கிறேன். "சார், நீங்க அடிக்கச் சொன்ன மணி மீனுக்கு மட்டுமா கேக்கு? மோட்டார் ரூம் மேல ஒரு கொக்கு நிக்கு சார். டூட்டிக்கு வந்த மாதிரி ஏழு இருபதுக்கே வந்து நிக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுவானாலும் எழுதிப் பெட்டியில போடுங்க பூமாரி. கமிட்டியில வைக்கிறேன்." புகார் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் என் விதி.

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் வாரியலப் புடிக்கேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

இரண்டாம் முறை வந்தார். "சார், நேத்து ரெண்டு போச்சு. மணிய நிப்பாட்டிப் பாப்பமா?" நான் எழுதச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தார். எனக்கு எட்டேகால் ரயில். நின்று கேட்கவே இல்லை.

மும்முறை சொல்லப்பட்ட உண்மை என் காதில் ஏறவில்லை, அன்பர்களே. ஆனால் ஒருமுறை எழுதப்பட்ட பொய் ஏறியது. பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. "மீன்களைத் தோட்டக்காரப் பெண் எடுத்துப்போய்த் தாராவியில் விற்கிறாள்" என்று ஒரே வரி. கையெழுத்தில்லை. கையெழுத்தில்லாத கடிதம் செல்லாது என்று பலகையில் எழுதி வைத்தவனும் நானே. எல்லா விதிகளும் மனப்பாடமாக இருந்த எனக்கு, ஓர் ஏழைப் பெண்ணைக் காக்க வேண்டிய அந்த ஒரு விதி மட்டும் அன்று ஏன் மறந்துபோயிற்று? எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை. இங்கே இருந்தால் அவர் அமைதியாக இருக்கட்டும். எழுதியவரைவிட நம்பியவனுக்கே பொறுப்பு அதிகம்.

பூமாரிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தேன். மறுநாள், வாயிலில், காலை வேலை முடிந்து போகும்போது காவலர் ராஜபாண்டி அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னார். பால்காரர் நின்றார். பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நின்றார்கள். பூமாரி பையைத் திறந்தார். டப்பாவையும் திறந்தார். "இந்தா பாருங்க அண்ணே, எலுமிச்சஞ் சோறு, துவையலு. வேற எதையும் தொறக்கணுமா?" என்று கேட்டார். தோட்டத்துச் சாவியைக் காவலர் மேசைமேல் வைத்தார். போய்விட்டார்.

மறுநாள் மீன்களுக்கு உணவிட ஆளில்லை. விதி இருந்தது, ஆகவே நானே சென்றேன். ஏழரைக்கு மணியடித்தேன். வடமூலையில் தீவனம் இட்டேன். இருபதடி விலகி நின்றேன். மீன்கள் வந்தன, நம்பி வந்தன, வாய் திறந்து வந்தன. படியோரத்தில் ஒரு மண்கட்டி கிடந்தது. அந்த மண்கட்டிக்குக் கழுத்து முளைத்தது. குருட்டுக்கொக்கு, அன்பர்களே. சேற்று நிறத்தில், தோளுக்குள் தலையை ஒடுக்கி, நிற்பதே தெரியாமல் நிற்கும் பறவை. நம் படியின்மேல், நான் அளந்து வைத்த கணுக்காலளவு நீரில், நான் விலகச் சொன்ன இடைவெளியில், ஒரே கொத்து. பிறகுதான் சிறகை விரித்தது. அப்போதுதான் வெள்ளை தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு முப்பத்தொன்று.

இந்த வளாகத்தில் நான் வகுத்த விதிகளை ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்த ஒரே உயிர் அந்தக் கொக்குதான். சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொக்கைக் குறை சொல்ல முடியுமா? அதற்குப் பசி. மீனைக் குறை சொல்ல முடியுமா? அதற்கு நம்பிக்கை. பசியும் நம்பிக்கையும் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தவன் நான். அந்தப் பழியைச் சுமந்து போனவர் பூமாரி.

அன்றே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று பத்தி. சங்கத்தின் முத்திரையுடன். அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குச் சென்றேன். பூமாரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கடிதத்தை நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"மன்னிப்புக் கடிதம்."

"நீங்களே படிங்க."

படித்தேன். அக்கம்பக்கத்தார் கதவோரம் நின்று கேட்டார்கள். முடித்ததும் அவர் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இத நான் யாருட்ட கொண்டுபோய்க் காட்ட? பைய எல்லாரும் பாக்கத்தான தொறந்தேன். பால்காரரு பாத்தாரு, பிள்ளைக பாத்துச்சு. இத மடிச்சு என் கையில குடுத்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்கு எல்லாரும் கூடுவீங்கல்லா. அப்ப வாயால சொல்லுங்க."

சொல்கிறேன் என்று எழுந்தேன். அப்போது அவர் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. "மீனு எத்தன சார் மிச்சம் இருக்கு?"

முப்பத்திரண்டில் பதினொன்று என்றேன். அந்த அம்மையாரின் கண் கலங்கியது. திருடினாய் என்று நாம் விரட்டிய பெண், நம் மீன்களுக்காகக் கலங்கினார். நாற்பது நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "மொதல்ல அந்தப் படிய எடுத்துருங்க. கால் ஊண எடமில்லன்னா கொக்கு என்ன செய்யும்? ஒடஞ்ச மண்சாடியக் கவுத்துப் போடுங்க, மீனு உள்ள போய் ஒளிஞ்சுக்கிடும். அல்லி வையுங்க. கரையச் சுத்திச் சாண் ஒசரத்துல கயிறு இழுத்துக் கட்டுங்க. வலைய மட்டும் தொளதொளன்னு விரிச்சிராதீங்க, பறவ காலு மாட்டிக்கிடும், பாவம். மணிய அவுத்துருங்க. நெனச்ச நேரத்துல தீனி போடுங்க."

நினைத்த நேரத்தில். ஐம்பது வயதுவரை எந்தக் காரியத்தையும் நினைத்த நேரத்தில் செய்தறியாதவன் நான். ருக்கு மாமி பலமாகத் தலையாட்டுகிறார். ஆனாலும் செய்தேன். ஒருநாள் ஆறரை, ஒருநாள் பத்து, ஒருநாள் மதியம். தலைப்புக்கு உரிய விடை அவ்வளவுதான், அன்பர்களே: ஆழம் கொடுங்கள், மறைவு கொடுங்கள், மீனுக்குப் பழக்கியதைப் பறவைக்கும் பழக்கிவிடாதீர்கள். நான்கு மாதமாக ஒரு மீனும் குறையவில்லை. குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. கொக்கு இப்போதும் வருகிறது. புல்வெளியோரம் தவளையும் வெட்டுக்கிளியும் தேடுகிறது. அதன்மேல் யாரும் கல்லெறிய வேண்டாம். அதுவும் நம் வளாகத்தில் வாழும் உயிர்தான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வரிசையில் பூமாரி அமர்ந்திருக்கிறார். சுனாபட்டியில் வேறு கட்டடத்தில் இப்போது வேலை. திரும்பி வரச் சொல்லி அழைக்கும் உரிமை எனக்கில்லை. சொல்லும் கடமை இருக்கிறது. அன்று வாயிலில் நின்று பார்த்த பிள்ளைகளே, பெற்றோர்களே, கேளுங்கள். பூமாரி இந்தக் குளத்திலிருந்து ஒரு மீனையும் எடுக்கவில்லை. உண்மையை அவர் மும்முறை என்னிடம் சொன்னார், ஆகவே நானும் மும்முறை சொல்வேன். பூமாரி ஒரு மீனையும் எடுக்கவில்லை. பூமாரி ஒரு மீனையும் எடுக்கவில்லை. மீன்களைக் காக்க முயன்றவர் பூமாரி ஒருவர்தான். அவர்மேல் விழுந்த பழி பொய், அதைச் சுமத்தியவன் நான். என்னை மன்னிக்க வேண்டும், அம்மா.

புகாரை எழுதித்தான் தர வேண்டும் என்ற விதி நேற்றுக் கூடிய கமிட்டியில் நீக்கப்பட்டது. இனி இந்த வளாகத்தில் வாய்ச்சொல்லே போதும். பணியாளர் சொல்வதைச் செயலாளர் நின்று கேட்க வேண்டும், ரயில் போனாலும் சரி.

பூமாரி, நான் சொன்னதில் ஏதாவது விடுபட்டிருந்தால் சொல்லுங்கள். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்கிறார், உட்கார்ந்தபடியே சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எனக்கு இது போதும் சார். ஆனா ராஜபாண்டி அண்ணனப் பத்தியும் சொல்லிருங்க. பையத் தொறக்கச் சொன்னது அவரு இல்லல்லா. எல்லாரும் அவரத்தான் ஏசுதாவ."

அன்பர்களே, சற்று முன் அதைச் சொல்லும்போது நான் காவலர் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. அன்று காலை சங்கத்தின் அலுவலக அறையிலிருந்து தொலைபேசியில் ஆணையிட்டவன் நான். "சார், வேண்டாம் சார், நம்ம பூமாரி சார்" என்று ராஜபாண்டி இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை அதட்டினேன். அவர் பூமாரியை நிறுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். நான்கு மாதமாக ஊர் அவரை ஏசுகிறது, அவர் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. வாயிலருகே எழுந்து நிற்கிறார். ராஜபாண்டி, நீங்கள் உட்காருங்கள். தலைகுனிந்து நிற்க வேண்டியவன் நான்.

நேரத்தைத் தாண்டிவிட்டேன். பொறுத்தருளிய தலைவருக்கும், செவி கொடுத்த சான்றோர்க்கும், சிரித்தும் கலங்கியும் உடனிருந்த அன்னையர்க்கும், அழைப்பை ஏற்று வந்த பூமாரிக்கும், வாயிலைக் காக்கும் ராஜபாண்டிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோர் இல்லத்திலும் தை நிறையட்டும். வணக்கம்.