சிவப்பு ஓரம் போட்ட அட்டை

ஞானசம்பந்தம்: ...காப்பியெல்லாம் வேண்டாம் டீச்சர். ஒரே ஒரு அட்டை வரைஞ்சு குடுங்க, கிளம்பிடறேன்.

ரமாமணி: ஞாயித்துக்கிழமை அதுவுமா தீவோட அந்தப் பக்கம் பாம்பூலேர்ந்து இங்க குட்லண்ட்ஸுக்கு பஸ் மாறி வந்திருக்கீங்க. ஒரு அட்டைக்காகவா?

ஞானசம்பந்தம்: அவசரம்.

ரமாமணி: மரம் வளர்க்குற ஆபீஸுக்கு அவசரமா!

ஞானசம்பந்தம்: கிண்டல் பண்ணாதீங்க.

ரமாமணி: பண்ணிக்கிறேன் சார். தமிழ்ல ஒருத்தரைக் கிண்டல் பண்ணி மூணு வாரமாச்சு. பள்ளிக்கூடத்துல "கோடு நேரா போடு". போலெட் உருண்டை விக்கற கடையில, இந்த ஊர் பாஷையில சௌக்கியமான்னு "கி மான்யேர்". அதோட என் பேச்சு முடிஞ்சுது.

ஞானசம்பந்தம்: டிசம்பர் லீவுக்காவது ஊருக்குப் போயிருக்கலாம்ல?

ரமாமணி: டிக்கெட் கிடைக்கலை. விடுங்க... என்ன அட்டை? பிடுங்கற செடியா, வெச்சுக்கற செடியா?

ஞானசம்பந்தம்: வெச்சுக்கறது. பச்சை ஓரம். இந்தாங்க இலை... காஞ்சிருக்கு, பார்த்து.

ரமாமணி: இதுவா? ஒல்லியா, செவப்பு நரம்போட... இதைத்தான் ஏற்கெனவே வரைஞ்சேனே! சிவப்பு ஓரம் போட்டு, களைன்னு.

ஞானசம்பந்தம்: ம்.

ரமாமணி: அப்புறம் பச்சை எதுக்கு?

ஞானசம்பந்தம்: அது களையில்லை. நம்ம ஆபீஸ் காட்டு வேலிக்குள்ள, மேட்டுல ஒத்தையா நிக்குதே நாட்டு மரம்... அதோட கன்னு.

ரமாமணி: விளையாடாதீங்க. அந்த மரத்து இலை உள்ளங்கை அகலம். அதையும் நான்தானே வரைஞ்சேன்?

ஞானசம்பந்தம்: இந்தத் தீவு மரம் சிலது அப்படித்தானாம். கன்னுல ஒரு இலை, வளர்ந்தப்புறம் வேற இலை. இங்க மூலிகை பறிக்கிற உள்ளூர்க்காரர் ஒருத்தர் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். நான் காடு காடுன்னு படிச்சது எல்லாம் நம்ம ஊர்க் காடு.

ரமாமணி: எத்தனை பிடுங்கினாங்க?

ஞானசம்பந்தம்: ...கொஞ்சம்.

ரமாமணி: சார்.

ஞானசம்பந்தம்: வேலை தெரிஞ்ச பொம்பளைங்க எல்லாம் தையல் ஃபாக்டரிக்குப் போயிட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கு உங்க அட்டைதான் எல்லாம். படம் அவ்வளவு அச்சு அசலா இருந்ததா... களை பிடுங்கற ஐயாசாமி ஒண்ணு விடலை.

ரமாமணி: ஒண்ணுகூடவா?

ஞானசம்பந்தம்: நேத்து பூரா முட்டி போட்டுத் தேடினேன்.

ரமாமணி: மரம் மறுபடி காய்க்கும்ல?

ஞானசம்பந்தம்: போன புயல்ல பாதி முறிஞ்சுது. இனிமே காய்க்காது.

ரமாமணி: கடவுளே... ஹோட்டல்காரன் ஒருத்தன் சுவத்துல மாட்டக் கேட்ட மாதிரி தென்னை மரமும் சூரியனும் வரைஞ்சிட்டு இருந்திருக்கலாம். எதுவும் செத்திருக்காது.

ஞானசம்பந்தம்: நீங்க என்ன பண்ணுவீங்க? அந்த இலையைக் களைன்னு குடுத்தவன் நான்.

ரமாமணி: கன்னே இல்லைங்கறீங்க. அப்புறம் இந்தப் பச்சை அட்டை யாருக்கு?

ஞானசம்பந்தம்: ...யாருக்கும் இல்லை. அட்டை ஒரு சாக்கு. நான் பண்ணின காரியத்தை யார்கிட்டயாவது தமிழ்ல சொல்லணும்போல இருந்தது. எனக்கும் இங்க யார் இருக்கா, சொல்லுங்க.

ரமாமணி: அத்தனையும் என் படத்தைப் பார்த்துப் பிடுங்கினது...

ஞானசம்பந்தம்: அழாதீங்க டீச்சர்.

ரமாமணி: அழலை. சார்... பார்த்து வரையறதுக்கு ஒரு செடி குடுத்தீங்களே, வேரோட.

ஞானசம்பந்தம்: வரைஞ்சதும் எரிச்சிடச் சொன்னேனே. களை எங்கேயும் பரவக்கூடாதுன்னு.

ரமாமணி: எரிச்சிட்டேன்னு சொன்னேன்.

ஞானசம்பந்தம்: ஆமா.

ரமாமணி: அந்த ஜன்னல் திரையை விலக்குங்க.

ஞானசம்பந்தம்: எதுக்கு... டீச்சர்! பால் டப்பாவுல... ஐயோ, ரெண்டடி இருக்கே!

ரமாமணி: திட்டமாட்டீங்களே?

ஞானசம்பந்தம்: திட்டறதாவது! உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். மேட்டுல நட்டு, சுத்திக் கல்லு அடுக்கி... என்ன, டப்பாவை விடமாட்டேங்கறீங்க?

ரமாமணி: ஒண்ணுமில்லை. எடுத்துட்டுப் போங்க. பஸ்ல மடியில வெச்சுக்குங்க, கீழே வைக்காதீங்க.

ஞானசம்பந்தம்: சரி... ஆமா, களைன்னு தெரிஞ்சும் எதுக்கு இத்தனை மாசம் வளர்த்தீங்க?

ரமாமணி: சாயங்காலம் வந்தா பேசறதுக்கு வீட்டுல வேற யாரு சார்? டிசம்பர்ல டிக்கெட் கிடைச்சுது. நான்தான் போகலை. இதுக்குத் தண்ணி ஊத்த ஆளில்லை.