கழுத்துக் குழாயும் நாலு இட்லியும்

என் வீட்டுக்காரருக்கு நான் அவிக்கும் இட்லி என்றால் உயிர். அன்று காலை பசிக்கிறது என்றார், நாலு வைத்தேன். ஆபரேஷன் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும்.

அவர் தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆயுசெல்லாம் கத்திய வாய். ரிட்டயர்டு ஆனபின் அதட்ட ஆள் இல்லாமல், என் ஒருத்தியையே முழு பஸ்ஸாக வைத்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கினால் ஒரு யோசனை, வாசல் தெளித்தால் ஒரு யோசனை.

ஆவணியில் ஒருநாள், "நாகு, அந்த வாளிய அங்குட்டு..." என்றவர் பாதியில் நின்றார். வாய் கோணிற்று. வலக்கை தொங்கிற்று. பேச்சு வரவில்லை. பயந்துதான் போனேன். ஆனாலும், வேப்பமரத்தில் குயில் கூவுவது அன்றுதான் எனக்குக் காதில் விழுந்தது. ஆட்டோ வருவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டே போனார்.

மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு ரத்தம் போகும் கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்து அடைத்திருக்கிறதாம். கீறிச் சுரண்டி எடுக்காவிட்டால் பக்கவாதம் வரலாமாம். "அப்புறம் பேச்சே போயிரும்மா" என்றார். அந்த வார்த்தை என் மனசில் தங்கிவிட்டது.

இட்லியால் ஆபரேஷன் தள்ளிப்போனது. அடுத்த முறை பால் காப்பி. மகள் சத்தியப்பிரியா என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"ஏம்மா, அப்பாவக் கொல்லப் பாக்குறியா?"

"பசின்னாருடி. பசின்னவருக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா?"

மூன்றாம் முறை என்னை ஆஸ்பத்திரிக் கேண்டீனில் உட்காரவைத்துவிட்டு, அவளே காவல் இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டை நரம்பு அசங்கியதில் குரல் மட்டும் கம்மிப்போயிருந்தது. தினமும் கொஞ்சம் வாய்விட்டுப் பேசிப் பழகட்டும், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்ததால் என்னிடம்தான் சொன்னார்.

மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பியதும், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு வார்த்த பேசுனாலும் தையல் பிரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பங்குனி உத்திரம் வரைக்கும் வாயத் தொறக்காதீக" என்றேன்.

தலையாட்டினார். பாவம், சொன்னபடி கேட்கிறார்.

இப்போது நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். சில நேரம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைக்கிறார். கண்ணில் தண்ணீர் கட்டுகிறது. அது ஆனந்தக் கண்ணீர். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாதா?