மேட்டில் படுத்திருப்பவர்

கியெம் முதலாளியின் கடையில் தேயிலை நன்றாக இருக்கும். தாமரைப் பூவுக்குள் வைத்து மணமேற்றிய தேயிலை. எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் கிடைக்காது. ஆளைப் பிடிக்காது என்பதற்காக அவர் தேயிலையைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நீங்கள் கேட்பது அவருடைய எலும்புகளைப் பற்றி என்று தெரியும், ஐயா. அதற்கு முன் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அணையடியில்தான் அவர் கடை. உப்பு, மண்ணெண்ணெய், மீன் சாறு, ஊதுபத்தி, எலும்பு வைக்கும் மண்பெட்டி, எல்லாம் அங்கே கிடைக்கும். சர்க்கார் சாராயம் விற்கும் உரிமமும் அவரிடம்தான் இருந்தது. கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டும் வரை வயல். மகன் துயெனை ஹனோய்க்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மனைவி நல்ல மனுஷி. கடைக்காரம்மா என்று கூப்பிடுவோம். என் அம்மா உப்பு வாங்கப் போனால் ஒரு கை கூடவே அள்ளிப் போடுவார். அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே குறை, மேட்டு நிலம் இல்லாததுதான். வயல் முழுக்கப் பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பெரியவர்களின் எலும்பு ஈரத்தில் கிடந்தால் பேரப்பிள்ளைகள்கூடத் தேறமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் நம்புவார்கள்.

மேடு எங்களிடம் இருந்தது. என் அப்பா பாங் அதில் முள்ளங்கி போட்டிருந்தார்.

"ஏம்பா பாங், ராஜா படுக்க வேண்டிய எடத்துல முள்ளங்கியப் படுக்க வச்சிருக்கியே" என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார் கியெம் முதலாளி. "எனக்குக் குடுத்துடு. பதிலுக்குக் கீழ வயல் ரெண்டு எடுத்துக்க."

"ராஜா வரட்டும் முதலாளி, அப்பப் பார்ப்போம். அதுவரைக்கும் முள்ளங்கி தூங்கட்டும்" என்றார் அப்பா.

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அப்பா அந்தச் சிரிப்பை நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் சுங்கக்காரர்கள் வந்தார்கள். அங்கே இங்கே தேடவில்லை. நேராக மேட்டுக்குப் போய் மூங்கில் புதரடியில் தோண்டினார்கள். நான்கு பானை புளித்த சோறு வெளியே வந்தது, கள்ளச் சாராயம் காய்ச்சப் போட்ட ஊறல். எங்கள் வீட்டில் ஒரு பானை நிறையப் பொங்கவே அரிசி கிடையாது. வேண்டாதவன் நிலத்தில் ஊறலைப் புதைத்துவிட்டு மொட்டைக் கடுதாசி போடுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். யார் செய்தது என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாவை ஒரு வருடம் உள்ளே வைத்தார்கள். அபராதத்துக்காக மேட்டை ஏலம் விட்டார்கள், கியெம் முதலாளி எடுத்தார். அப்பா திரும்பி வந்து இருமி இருமியே நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தார்.

"எப்படியாவது என்னை மேட்டுல வச்சிருடா" என்றார் கடைசியில்.

அதே குளிர்காலத்தில் கியெம் முதலாளியும் வயிற்றில் கட்டி வந்து செத்தார். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன்.

புதைத்த மூன்றாம் வருடம் தோண்டி, எலும்பைக் கழுவி, சின்னப் பெட்டியில் அடுக்கி, நிரந்தரக் குழியில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த வேலை செய்கிற கூலிக்காரன் நான்தான். துயென் என்னைத் தேடி வந்தான்.

"லுவான் அண்ணே, அப்பாவ அந்த மேட்டுக்குத்தான் கொண்டு போறோம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளியூர் ஆளப் பார்த்துக்கறேன்."

"எதுக்குத் தம்பி வெளியூர் ஆளு? உங்கப்பாவ நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் அப்பாவையும் எடுத்திருந்தேன். அம்மாவும் நானும் கழுவிப் பெட்டியில் அடுக்கி, நல்ல நாளுக்காக அணையோரக் குடிசையில் வைத்திருந்தோம். கியெம் கடையில் வாங்கிய பெட்டி. அவர் கடைப் பெட்டிகள் எல்லாம் ஒரே சூளையில் சுட்டவை, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புத் துணி.

எலும்பில் வெயில் படக் கூடாது, விடிவதற்குள் முடிக்க வேண்டும். கியெம் முதலாளியை வாசனைத் தண்ணீரில் கழுவினேன். ஒரு விரல் எலும்பைக்கூட விடவில்லை.

"பார்த்துப்பா, அவருக்கு இடது முட்டி வலிக்கும்" என்றார் கடைக்காரம்மா. நான் பதமாகத்தான் கழுவினேன்.

குடும்பத்தார் ஊதுபத்தியோடு முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனை பார்க்கிறவர் சொல்லியிருந்தார். கட்டுப்பாடான குடும்பம், ஒருவரும் திரும்பவில்லை. பெட்டியோடு பின்னால் போன நான், வழியில் என் குடிசைக்குள் நுழைந்தேன். ஒரு பெட்டியை இறக்கி இன்னொன்றைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

அப்பா மேட்டுக்குப் போனார். ஏழு வருடம் கியெம் குடும்பம் அவர் காலடியில் விழுந்து கும்பிட்டது. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு முழுக் கோழி, பசையரிசிச் சோறு, தாமரைத் தேயிலை எல்லாம் படைத்தார்கள். சுற்றிக் கல்சுவர் எழுப்பினார்கள். நான் அணைமேல் உட்கார்ந்து பார்ப்பேன். கடைக்காரம்மா விம்மி விம்மி அழுவார், எனக்கு விருந்து சாப்பிட்டது போல இருக்கும்.

கியெம் முதலாளியை ஆற்றில் கொட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா நல்ல நாளுக்குக் காத்திருந்தாள், ஒரு பெட்டி தேவைப்பட்டது. அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது, உப்பு வாங்குகிற இடத்தில் உளறிவிடுவாள். ஊர்ப் பொது இடுகாட்டில் குழி வெட்டினேன். அம்மா தன் கையாலேயே மண் தள்ளினாள். அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமி தவறாமல் போய்ப் புல் பிடுங்கி, ஊதுபத்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள்.

"அந்தக் கடைக்காரப் பாவி அனுபவிப்பான். நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்பாள். நான் ஊதுபத்தியை வாங்கி நட்டுவிட்டு வருவேன்.

இந்த வெள்ளத்தில் அணை உடைந்து மேட்டுச் சுவர் சரிந்தது. பெட்டி பிளந்து மண்டையோடு வெளியே கிடந்தது. கியெம் முதலாளி மூன்று தங்கப்பல் கட்டியிருந்தார், அவை இல்லை என்று கடைக்காரம்மா கத்தினார். நான் பல் திருடினேன் என்று உங்களிடம் மனு வந்திருக்கிறது.

நான் திருடன் இல்லை, ஐயா. பற்கள் அவர் வாயிலேயே பத்திரமாக இருக்கின்றன. பொது இடுகாட்டுக்கு ஆள் அனுப்பித் தோண்டச் சொல்லுங்கள். இடது பக்கம் மட்டும் மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள், அம்மா அங்கே இருக்கிறாள். போன வருடம் போனாள். "அவரு பக்கத்துலயே வைடா, வேற எங்கயும் வச்சிராத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரிம்மா என்றேன். அப்படியே வைத்தேன்.

கியெம் குடும்பத்துக்குச் செய்ததற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பெற்றவர்களுக்கு மட்டும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.