படியின் மேல் ஒரு படுக்கை

ஓடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலை. தெற்கு நோக்கி. புதன்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. முதுகுக்குப் பின்னால் உர ஆலையின் அபாயச் சங்கு நிற்காமல் ஊதுகிறது. கண் எரிகிறது. மூச்சை இழுத்தால் தொண்டை பொசுங்குகிறது. வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஜனங்கள் ஓடுகிறார்கள்.

"அமோனியா! துணிய நனைச்சு மூஞ்சில கட்டு! நிக்காத, ஓடு!"

நாட்டில் அன்று போர் இல்லை. எங்கள் சாலையில் மட்டும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. திருவொற்றியூர் வரை ஓடினேன்.

விட்டுவிட்டு ஓடியது என் பேருந்தை. அதற்குள் நான்கு பேர் இருந்தார்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இயந்திர வரைபடம் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, ஓட்டத்திலிருந்து கழித்த பேருந்து ஒன்றை வாங்கிச் சாலையோரம் நிறுத்தினேன். துறைமுகத்துக்குள் போகும் லாரிகள் அங்கே இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடக்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில், வெயிலில், நிலக்கரித் தூசியில் தூங்குவார்கள். அவர்களுக்குப் படுக்கை கொடுக்க நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அதை மறுக்க மாட்டேன்.

இருக்கைகளைக் கழற்றினேன். இரு பக்கமும் இரண்டு அடுக்குப் பலகை. பகலில் இருட்டு வேண்டும், தூசி வரக்கூடாது. சன்னல்களைத் தகரத்தால் மூடி ரிவெட் அடித்தேன். கூரையில் இரண்டு காற்றாடி. பின்பக்க அவசர வழியை அடைத்து அங்கே ஒரு படுக்கை. அப்போதும் ஒன்பதுதான் தேறியது. பத்தாக்க வேண்டும் என்று ஆசை. வரைபடக்காரனின் ஆசை. படிக்கட்டு வீணாகக் கிடக்கிறதே என்று பட்டது. கதவுக்குக் குறுக்கே, படிகளின் மேல், கீல் வைத்த பலகை ஒன்றை மாட்டினேன். இறக்கினால் படுக்கை. தூக்கினால் வழி. இறக்கியிருக்கும்போது கதவு திறக்காது.

முதல் மாதமே ஒருவர் சிறுநீர் கழிக்க எழுந்து, தூக்கக் கலக்கத்தில் அந்தப் பலகையைத் தூக்கினார். அதில் படுத்திருந்தவர் உருண்டு விழுந்து தோள் எலும்பு முறிந்தது. அதனால் பலகையைப் பிடிக்கும் கடையாணியைப் பேருந்தின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன். உள்ளே இருந்து யாராலும் எடுக்க முடியாது. பாதுகாப்பு என்று நினைத்தேன்.

பேருந்தின் அருகே தேநீர்க் கடை வைத்திருந்த தனம்தான் ஆணியைப் பார்த்துக்கொண்டாள். எழுப்புவதும் அவள்தான். ஒவ்வொருவர் கால் கட்டைவிரலிலிருந்தும் ஒரு கயிறு தகரத் துளை வழியாக வெளியே வரும். நுனியில் லாரி எண் எழுதிய அட்டை. எந்த லாரி நகர வேண்டுமோ அந்தக் கயிற்றை இழுப்பாள். ஆணியை உருவி, ஆளை இறக்கி, மறுபடி பூட்டுவாள். தன் கயிறு இழுக்கப்படும்வரை யாரும் எழக்கூடாது. அது என் சட்டம்.

ஆணியை வெளியே மாற்றிய வாரமே தனம் கேட்டாள்.

"இன்னா வாத்யாரே இது, கோழிக் கூண்டாட்டம் கீது? உள்ள கீறவன் அவசரத்துக்கு எப்டி வெளிய வருவான்?"

"நீதான் இருக்கியே."

"நான் இன்னா மாரியாத்தாவா, எப்பவும் இங்கியே குந்திகினு இருக்க?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்குத் தண்ணீர் லாரி வந்திருப்பதாகச் சொன்னார்கள். தனம் குடத்தை எடுத்துக்கொண்டாள். "கயித்தப் பாத்துக்கோ. தோ, வந்துட்றேன்." போய்விட்டாள். பொறுப்பு என் கையில்.

மூன்று பத்து. சங்கு. திங்கள்கிழமைதோறும் சோதனைக்கு அரை நிமிடம் ஊதும். எல்லோருக்கும் பழக்கம். இன்று திங்கள் இல்லை. அரை நிமிடம் தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. பேருந்தின் தகரத்தில் கையால் அடித்தேன்.

"எழுந்திருங்க! சங்கு ஊதுது!"

படிப் பலகையில் படுத்திருந்த சவரிமுத்து உள்ளே இருந்து குரல் கொடுத்தான். கல்மண்டபத்துக்காரன். வாய் அதிகம்.

"இன்னா வாத்யாரே பேஜாரு பண்ற? லைன் நகந்துச்சா?"

"இல்ல. சங்குடா!"

"ஊதிகினு போட்டும். கயிறு இழுத்தாதான் எழுவணும்னு நீதான சட்டம் போட்ட?"

உள்ளே சிரிப்பு. எனக்கும் வெட்கமாகிவிட்டது. கிழவன் பயப்படுகிறான் என்று நினைப்பார்கள். அப்போதே ஆணியை உருவியிருக்கலாம். பேருந்தின் பின்பக்கம் போய் வடக்கே பார்த்தேன்.

வெள்ளையாக வந்தது. புகைபோல மேலே எழவில்லை. தரையோடு, இடுப்பு உயரத்தில், லாரிச் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து வந்தது. ஒரு நாய் அதற்குள் போனது. வெளியே வரவில்லை. பிறகு நெடி.

ஓடத் தொடங்கினேன். பேருந்தின் கதவுப் பக்கமாகத்தான் ஓடினேன். கடையாணியைத் தாண்டித்தான் ஓடினேன். என் தோள் உயரத்தில் இருந்தது. கை நீட்டினால் போதும். நிற்க ஒரு நொடி, உருவ ஒரு நொடி. நிற்கவில்லை. கை தானாகவே நீளவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஆணியைப் பார்த்தேன். நினைத்தேன். ஓடினேன்.

இருநூறு அடி தாண்டியதும் தனம் எதிரே வருகிறாள். இடுப்பில் குடம். எல்லோரும் தெற்கே ஓட, அவள் மட்டும் வடக்கே வருகிறாள்.

"வாத்யாரே! ஆணிய உருவிட்டியா?"

"உருவிட்டேன்."

"பசங்க?"

"பின்னாடி வர்றாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். புடவை முந்தானையைக் கிழித்தாள். குடத்துத் தண்ணீரில் நனைத்து என் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். மிச்சத்தை என் தலையில் கவிழ்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். போய் உருவியிருப்பாள். போயிருந்தால் அவள் உயிரோடு திரும்பியிருக்க மாட்டாள் என்று ஒருவர் சொல்லலாம். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

நான்கு நாற்பதுக்கு முகமூடி அணிந்த தீயணைப்பு வீரர்கள் மறுபக்கத் தகரத்தை அறுத்து உள்ளே போனார்கள். மறுநாள் விடியற்காலை, காவலுக்கு நின்றவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஆணியை உருவிக் கீழே போட்டேன். விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். வழி திறந்திருந்தது என்றேன். தனமும் அப்படியே சொன்னாள்: "வாத்யார் உருவிட்டாரு சார், என்கிட்ட சொன்னாரு." பேருந்துக்குள் இரண்டு காலிப் பாட்டில்கள் கிடந்தன. போதையில் எழவில்லை என்று எழுதிவிட்டார்கள். சாலையெல்லாம் அதே பேச்சு ஆனது.

கல்மண்டபத்தில் அடக்கம் முடிந்ததும் சவரிமுத்துவின் மனைவி என்னிடம் வந்தாள்.

"குடிய வுட்டுட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணார் சார். அன்னிக்கு மட்டும் குச்சாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

தனம் போன மாதம் நுரையீரல் நோயில் இறந்தாள். எனக்காகச் சொன்ன பொய்யைப் பொய் என்று தெரியாமலே போனாள். இனி என்னை நம்ப யாரும் இல்லை. எழுதுகிறேன்.

எண்ணிக்கை இது.

சவரிமுத்து, கல்மண்டபம். படிப் பலகை. பாஷா, வியாசர்பாடி. இடது மேல். ஏழுமலை, டோல்கேட். இடது கீழ். குமரேசன், சேலத்துப் பக்கம். அவசர வழியை அடைத்த படுக்கை. நால்வர். அவர்களோடு, கயிறுகள் நான்கு. இழுக்கப்படாதவை. அவர்கள் பெயரில் எழுதப்பட்ட பொய் ஒன்று.

அவர்கள் குடித்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. நான் கதவைத் தாண்டி ஓடியபோது உள்ளே இருந்து தட்டினார்கள். முதலில் ஒரு கை. பிறகு பல கைகள். "வாத்யாரே, ஆணி!" என்று ஒரு குரல். ஓடிக்கொண்டே எண்ணினேன். பதினொரு தட்டு. பன்னிரண்டாவது கேட்கும் தூரத்தில் நான் இல்லை.